கேட்டால்தான் மருந்தா? மருத்துவமனைப் படுக்கையில் வலி குறித்த விவாதங்கள்: ஒரு மதிப்பாய்வு

அறுவை நடக்கும்போது நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பலர் முன்னிலையில் செய்துகாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. கத்தி படும் அந்த ஒரு மணி நேரத்துக்கான விடை அப்போதே கிடைத்துவிட்டது எனலாம். மயக்கம் தெளிந்து, வார்டுக்கு வந்து, அடுத்த மூன்று நாளோ பத்து நாளோ படுக்கையில் கிடக்கும்போது வரும் வலியின் கதை வேறு. அதை எதுவரை தணிப்பது, அளப்பது யார், எந்த மருந்தை யார் கையால் கொடுப்பது என்பதில் நூறாண்டுக்கும் மேலாக விவாதம் நடக்கிறது. ஒருமித்த விடை இன்றும் இல்லை.

இந்த விவாதம் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. அதைத் தாலுகா அளவில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு விடையின் பலமும் பலவீனமும் இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்கு இக்கட்டுரை கொள்ளேகாலை எடுத்துக்கொள்கிறது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூருக்குப் போய், 1997இல் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்த பட்டு நெசவு ஊர் அது. ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது. அருகே காமகெரேயில் ஹோலி கிராஸ் மிஷன் மருத்துவமனை உண்டு. இவற்றில் முடியாதவை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி மைசூருவில் உள்ள கே.ஆர். மருத்துவமனைக்கோ ஜே.எஸ்.எஸ். மருத்துவமனைக்கோ போகின்றன. படுக்கையில் இருப்பவர் நெசவாளி, சிறு விவசாயி, மாதேஸ்வரன் மலையிலோ பிளிகிரிரங்கன் மலையிலோ இருந்து இறங்கிவந்த சோளகர் என யாராகவும் இருக்கலாம். அவர் பேசுவது கன்னடமாகவோ தமிழாகவோ இருக்கும். எந்த ஒரு மருத்துவமனையையும் எடைபோடுவது இங்கே நோக்கமில்லை. வலியைப் பற்றி உலகம் சொன்ன விடைகள் இப்படியொரு தாலுகாவில் எந்த அளவுக்கு நிற்கும் என்று பார்ப்பதே நோக்கம்.

வலி சாட்சி சொல்லட்டும்

மிகப் பழைய நிலைப்பாடு இது: வலி நோயின் சாட்சி, அதை அவசரப்பட்டு வாயடைக்கக் கூடாது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸகாரி கோப் 1921இல் கடும் வயிற்றுவலியைப் பற்றி எழுதிய சிறு நூல் பல தலைமுறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. நோய் இன்னதென்று தெரியும் முன்பு மார்ஃபின் கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடும், குடல்வால் வெடித்தது கூடத் தெரியாமல் போகும் என்ற எச்சரிக்கை அதன் வழியாக வேரூன்றியது. கையால் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு கருவி இல்லாத காலத்தில் அந்த எச்சரிக்கைக்கு நியாயம் இருந்தது.

பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கடும் வயிற்றுவலிக்காரர்களுக்கு முதலிலேயே அபினிவகை மருந்து கொடுத்தால் நோய்க்கணிப்பில் தவறு கூடுகிறதா என்று, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகள் தேடிப் பார்த்தன. கூடுவதாகச் சான்று கிடைக்கவில்லை. வலியில் வயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பவரைவிட, வலி சற்றுத் தணிந்து தளர்ந்திருப்பவரைத் தொட்டுப் பார்ப்பது எளிது என்று பல அறுவை மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். ஆனாலும் 'பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும், அப்புறம் ஊசி போடலாம்' என்ற பழக்கம் எளிதில் போவதாக இல்லை. இதில் தொலைவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்போகும் நோயாளிக்குத் தான் போட்ட ஊசியால் ஏதாவது மறைந்துபோகுமோ என்று கீழ் மருத்துவமனையில் இருக்கும் இளம் மருத்துவர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தின் விலை ஒன்றரை மணி நேர ஆம்புலன்ஸ் பயணம். அதைக் கொடுப்பவர் நோயாளி.

இந்த நிலைப்பாட்டுக்கு அறம் சார்ந்த கிளை ஒன்றும் உண்டு. வலி தாங்கப்பட வேண்டியது, குறிப்பாகப் பிரசவ வலி. 1847இல் எடின்பரோ மருத்துவர் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது சமயத்தின் பெயரால் எதிர்ப்பு வந்தது. 1853இல் விக்டோரியா அரசியே மருத்துவர் ஜான் ஸ்நோவிடம் அதை ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்ப்பு மங்கியது. 1957இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மயக்க மருத்துவர்கள் முன் பேசியபோது, கடும் வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளை ஓரளவு குறைக்கக்கூடும் என்றாலும், நோக்கம் வலிதணிப்பாக இருக்கும்வரை கொடுக்கலாம் என்றார். ஆகச் சமயத் தடை அங்கேயே தளர்ந்துவிட்டது. நம் பிரசவ வார்டுகளில் 'எல்லாரும் பெத்தவங்கதானே, பொறுத்துக்க' என்று கேட்கும் குரலுக்கு எந்தச் சமய நூலும் ஆதாரமில்லை. அது பழக்கத்தின் குரல்.

தாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போனது என்பதற்குப் பச்சிளங் குழந்தைகளே சான்று. அவர்களின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, வலி முழுதாகத் தெரியாது என்று நம்பி, 1980கள் வரைகூடக் குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் போதிய வலிதணிப்பு இல்லாமல் அறுவை செய்யப்பட்டது. 1987இல் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. ஃபென்டனில் என்ற வலிமருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அதிர்ச்சி குறைவாக இருந்தது, அறுவைக்குப் பின் நிலையும் மேலாக இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று முடிவு கட்டியது மருத்துவ வரலாற்றின் பெரும் தவறுகளில் ஒன்று என்றே சொல்ல வேண்டும்.

நோயாளி சொல்வதே அளவு

எதிர் நிலைப்பாடு 1960களில் உருவானது. 1965இல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, வலிச் சமிக்ஞை காயத்திலிருந்து மூளைக்கு நேர்க்கம்பியில் போவதில்லை. தண்டுவடத்திலேயே அது கூட்டப்படலாம், குறைக்கப்படலாம். அச்சம், கவனம், பழைய அனுபவம் எல்லாம் அதில் பங்கெடுக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்து மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946இல் எழுதியதற்கு இது விளக்கம் தந்தது. பெருங்காயம் பட்டும் பல வீரர்கள் வலிமருந்து வேண்டாம் என்றிருந்தார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்றால், வெளியிலிருந்து பார்த்து அளக்க முடியாது. 1968இல் மார்கோ மக்காஃபரி என்ற செவிலியர் இதை நடைமுறை விதியாக்கினார்: அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது இருக்கிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் சீனிவாச ராஜா தலைமையிலான குழு திருத்தியது. சொல்ல முடியாதவருக்கும் வலி உண்டு என்பதை அதன் குறிப்புகள் அழுத்தமாகவே சேர்த்துக்கொண்டன.

இதன் வார்டு வடிவம்தான் பூஜ்யம் முதல் பத்து வரையான எண். உடல் வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியை ஐந்தாவதாகக் குறிக்க வேண்டும் என்று 1990களின் நடுவில் அமெரிக்க வலிச் சங்கம் முழங்கியது. 2001இல் அந்நாட்டின் மருத்துவமனைத் தரச் சான்று அமைப்பு வலி மதிப்பீட்டை விதிகளில் சேர்த்தது. நோக்கம் நல்லது, விளைவு இரண்டு விதமாகத் தவறியது.

முதலாவது, எண்ணைக் குறைக்கும் எளிய வழியாக அபினிவகை மருந்து வாரிக் கொடுக்கப்பட்டது. மருத்துவமனையில் இம்மருந்து பெற்றவர்களில் அடிமையானவர் மிகச் சிலரே என்று 1980இல் ஓர் இதழில் வந்த சில வரிக் கடிதம், நீண்டகால வலிக்கும் அது பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரமாக ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. மருந்து நிறுவனங்களின் விற்பனை வேகமும் சேர்ந்து பெரும் உயிரிழப்பில் முடிந்தது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே 'ஐந்தாவது அறிகுறி' என்ற பேச்சைக் கைவிடச் சொன்னது. இரண்டாவது தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் நமக்கு அதுவே முக்கியம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, வலி எண்ணை எழுதத் தொடங்கியதால் வலிச் சிகிச்சையின் தரம் உயரவில்லை என்று கண்டது. எட்டு என்று எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு எதுவும் செய்யப்பட்டிருக்காது.

கொள்ளேகால் போன்ற இடத்தில் எண்முறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளி மதிப்பெண் அல்லாத ஒன்றுக்கு எண் சொல்லிப் பழகாத மூதாட்டியிடம் 'பத்துக்கு எவ்வளவு' என்றால், அவர் சிஸ்டரின் முகத்தைப் பார்த்து ஒரு எண் சொல்வார். அதே மூதாட்டி குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது, விண்விண்ணென்று தெறிக்குது என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல வல்லவர். எரிச்சலும் மின்னல் வெட்டும் நரம்பு வலியைக் காட்டக்கூடும், அதற்கு மருந்து வேறு. விட்டுவிட்டுப் பிடித்து இழுப்பது குடலையோ பித்தப்பையையோ சுட்டலாம். முகப் படங்களும், பேச முடியாதவரின் நெற்றிச் சுருக்கத்தையும் முனகலையும் குறிக்கும் அட்டவணைகளும் பயனுள்ளவை. அவற்றோடு 'இருமினால் எப்படி இருக்கு? எழுந்து உட்கார முடியுதா? ராத்திரி தூங்கினீங்களா?' என்ற மூன்று கேள்விகள் சேர்ந்தால் எண்ணைவிட அதிகம் தெரியும் என்பது என் மதிப்பீடு. அறுவைக்குப் பின் விரைந்து தேறும் முறையை 1990களில் வளர்த்த டென்மார்க்கின் ஹென்ரிக் கெஹ்லெட் போன்றோரும் வலி இறங்கியதா என்பதோடு நிற்கவில்லை. எழுந்து நடக்க முடிகிறதா, சாப்பிட முடிகிறதா என்பதையே இலக்காக்கினார்கள். பாராசிட்டமால், அழற்சி தணிப்பான், நரம்பருகே போடும் மரப்பூசி எனப் பலவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் அபினிவகைத் தேவை குறைகிறது என்ற அவர்களின் கருத்துக்கு நல்ல சான்று உண்டு. இதில் பெரும்பகுதி தாலுகா மருத்துவமனையிலும் இயலக்கூடியதே.

பூட்டிய அலமாரி

அமெரிக்கா மருந்து மிகுந்து கெட்டது என்றால் இந்தியா எதிர்த்திசையில் கெட்டது. சட்டபூர்வமாக அபினிப் பால் விளைவிக்கும் முதன்மை நாடு இது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் அபினி ஆலைகள் இருக்கின்றன. இருந்தும் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு பன்னிரண்டு ஆண்டுகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்றிருந்தது. உரிமங்கள் பல, அவற்றைத் தரும் துறைகளும் பல, ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று காலாவதியாகும். மருந்துக்கடைகள் கைகழுவின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைக் கையால் தொடாமலே படிப்பை முடித்தார்கள். சட்டத்தால் விளைந்த பெருங்கேடு இதுவே என்று நினைக்கிறேன். சட்டத்தைத் திருத்தலாம், பழகாத கையைப் பழக்குவதற்கு இன்னொரு தலைமுறை வேண்டும்.

மறுப்பு கேரளத்திலிருந்து எழுந்தது. மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் முன்னின்று 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் வாய்வழி மார்ஃபினை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது. 1,723 நோயாளிகளை ஈராண்டு பின்தொடர்ந்து 2001இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, மருந்து கள்ளத்தனமாகத் திசைமாறியதற்குச் சான்று காணவில்லை. சில ரூபாய் மாத்திரையால் புற்றுநோய் வலியின் பெரும்பகுதி தணிந்தது. இலண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு கடன், குடும்பம், பயம், நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்தே முழு வலி என்று கருதினார். கேரளம் அதை அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களின் கையில் கொடுத்தது. பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் நிறுவனமும் கருணாஸ்ரயா காப்பகமும் ஆதரவுச் சிகிச்சை அளிக்கின்றன. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் திட்டங்களில் ஒன்று.

2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என வகுக்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒரே அனுமதி போதும் என்றானது. ஆனால் கதவு திறந்த வேகத்தில் யாரும் உள்ளே போகவில்லை. 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவில் தேவைப்படும் வலிநிவாரண அபினி மருந்தில் ஏறக்குறைய 4 விழுக்காடே கிடைத்துக்கொண்டிருந்தது. 2018இல் டிரமடாலும் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. அதன் தவறான பயன்பாடு உண்மை என்பதால் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் சிறு மருத்துவமனைகளில் மார்ஃபினுக்கு மாற்றாகக் கைக்கு எட்டிய மருந்துகளில் அதுவும் ஒன்று. எஞ்சியவை டைக்ளோஃபினாக் ஊசியும் பென்டசோசினும்தான். முன்னது சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இரைப்பைப் புண்காரருக்கும் ஆகாது, கண்ணாடி விரியன் கடித்தவருக்குக் கொடுக்கவே கூடாது, இரத்தக்கசிவு கூடும். பின்னதற்கு ஓர் எல்லைக்கு மேல் பலன் ஏறாது, சிலருக்கு மனக்கலக்கமும் தரும்.

கேரள வழிக்கும் எல்லை உண்டு. அது புற்றுநோய், நீண்டகால நோய், வீடு என்ற சூழலில் வளர்ந்தது. அறுவை முடிந்த முதல் இரவு, எலும்பு முறிந்தவரின் முதல் ஆறு மணி நேரம், பிரசவ வார்டு ஆகியவற்றுக்கு அதன் பாடங்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. திடீர் வலிக்கு நரம்பு வழியே மார்ஃபின் கொடுத்தால் மூச்சின் வேகத்தைக் கவனிக்க ஆள் வேண்டும், அதன் முறிமருந்தான நலாக்சோன் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். முப்பது நாற்பது படுக்கைக்கு ஒரே சிஸ்டர் என்ற இரவில் மருத்துவர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று ஒதுக்க மாட்டேன்.

எஸ்.ஓ.எஸ்.

விவாதங்கள் பெரிதும் மருந்தைச் சுற்றியே நடக்கின்றன. அவை கவனிக்காத ஓர் இடம் நோயாளியின் படுக்கைத் தாளில் இருக்கிறது. சிசேரியன் முடிந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு முதுகில் ஊசி, சற்று நேரத்தில் குழந்தை. பிற்பகல்வரை கால் மரத்திருக்கும், சிரித்த முகமாகவே இருப்பார். மருத்துவர் சுற்றுக்கு வரும்போது 'வலி இருக்காம்மா?' என்றால் 'இல்லை' என்பார், அது உண்மையே. தாளில் வலிமருந்துக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதப்படும்: தேவைப்பட்டால் கொடு. மாலைக்குள் மரப்பு முழுதும் விலகிவிடும். தையல் இழுக்கும், கருப்பை சுருங்கும், குழந்தை பாலுக்கு அழும், திரும்பிப் படுக்க முடியாது. அப்போது மருத்துவர் இல்லை, சிஸ்டர் மாறியிருப்பார். கேட்க வேண்டியது அந்தப் பெண்தான். அவர் கேட்கமாட்டார். கேட்டால் 'எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்பார்களோ என்ற கூச்சம். அம்மாவோ மாமியாரோ வலிமருந்து பாலில் இறங்கும் என்று தடுப்பார். பாராசிட்டமாலும் பெரும்பாலான அழற்சி தணிப்பான்களும் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையே என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1973இல் மார்க்ஸ், சாச்சர் என்ற இரு நியூயார்க் மனநல மருத்துவர்கள் இதே சிக்கலைத் தங்கள் மருத்துவமனையில் கண்டு எழுதினார்கள். வலிக்கு எழுதப்பட்ட அளவே குறைவு, எழுதியதிலும் ஒரு பகுதியே நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது. 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த நெறியின் தூணே 'மணிப்படி கொடு' என்பது. வலி திரும்பி வந்து நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அந்நெறியின் மூன்று படிகள் எல்லாருக்கும் மனப்பாடம், மணிக்கணக்கு மட்டும் மறந்துவிட்டது. சிசேரியனுக்குப் பிறகு முதல் இரண்டு நாளாவது பாராசிட்டமாலும், தகுதியுள்ளவருக்கு ஓர் அழற்சி தணிப்பானும் மணிப்படி எழுதப்பட்டு, அதற்கு மேல் வருவதற்கு மட்டும் 'தேவைப்பட்டால்' என்றிருந்தால், போதைச் சட்டம் எதையும் தொடாமலே அந்த முதல் இரவின் பெரும்பகுதி மாறும். இதற்குப் புதுமருந்து வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். கேட்கும் பாரத்தை நோயாளியிடமிருந்து எடுத்துத் தாளிடம் கொடுத்தால் போதும். கொள்ளேகால் அளவிலான மருத்துவமனைக்கு இதைவிட அவசரமான சீர்திருத்தம் வேறில்லை என்றே கருதுகிறேன்.

மலையிலிருந்து வரும் எலும்பு வலி

நோயாளி சொல்வதை நம்ப வேண்டும், மருந்தைத் தாமதிக்கக் கூடாது என்ற இந்த வாதத்துக்குக் கடுமையான சோதனை சிக்கிள் செல் நோய். நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்ததுதான் இந்தியாவில் இந்நோயின் முதல் பதிவுகளில் ஒன்று. சோளகரிடமும் அது இருப்பது, 1981இல் டாக்டர் எச். சுதர்சன் பிளிகிரிரங்கன் மலையில் தொடங்கிய விவேகானந்தா கிரிஜன கல்யாண கேந்திரத்தின் பணிகளால் வெளிவந்தது. 2023இல் ஒன்றிய அரசு இந்நோயை ஒழிக்கும் இயக்கத்தையும் தொடங்கியது. குளிர், நீர்ச்சத்துக் குறைவு, தொற்று என ஏதாவது ஒன்றில் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் மடங்கி நுண்குழாய்களை அடைக்கும். இரத்தம் போகாத எலும்பு வலிக்கும். சிறு பிள்ளைகளுக்குக் கைவிரல்களே வீங்கும்.

இந்த வலிக்கு வெளியே தெரியும் காயம் இல்லை. நாடி சாதாரணமாக இருக்கலாம், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். மாதம் ஒருமுறை வந்து அதே ஊசியைக் கேட்கும் இளைஞனைப் போதைக்காரன் என்று சந்தேகிப்பது உலகெங்கும் பதிவான தவறு. அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2020 நெறிமுறை, வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து, பிறகு அரைமணி முதல் ஒரு மணிக்கு ஒருமுறை மீண்டும் மதிப்பீடு என்கிறது. மருந்தின் பெயரைவிட அந்த 'மீண்டும்' என்பதே இதில் கனமானது. இந்திய வகை நோயில் சிசு ஹீமோகுளோபின் மிகுதியாக இருப்பதால் அது மென்மையானது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. சராசரியாக அது ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் சராசரி மென்மை என்பது முன்னால் படுத்திருப்பவரின் வலியை மதிப்பிடும் அளவுகோல் ஆகாது. ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து வலித்தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். அது தொடர்ந்து கிடைத்தால் மலையிலிருந்து இறங்க வேண்டிய தேவையே குறையும்.

மருந்து அல்லாத ஆறுதல்

மருந்தைத் தாண்டி, சூழலும் வலியைத் தணிக்கும் என்பதற்கு 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு அதிகம் பேசப்படுவது. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் சன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு போனார்கள், கடும் வலிமருந்து குறைவாகவே கேட்டார்கள். மாதிரி சிறியது, ஒரே மருத்துவமனை, அதன் மேல் எழுப்பப்பட்ட கட்டடக் கலைக் கோட்பாடுகளின் எடையை அது தாங்குமா என்பது ஐயமே. இரைச்சலுக்கும் தூக்கத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு இதைவிட உறுதியானது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. தேவையற்ற சத்தம் நோயாளிக்கு இழைக்கும் கொடுமை என்பதை நைட்டிங்கேல் 1859இலேயே எழுதிவிட்டார்.

பிரசவ நேரத்தில் தொடர்ந்து உடனிருக்கும் துணை பற்றிய சான்று இன்னும் வலுவானது. காக்ரேன் மதிப்பாய்வின்படி துணை இருந்த பெண்களுக்கு வலிமருந்துத் தேவை குறைந்தது, பிரசவ நேரமும் சற்றுக் குறுகியது. 2017இல் தொடங்கிய இந்திய அரசின் லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையில் துணையை அனுமதிக்கச் சொல்கிறது. நம் ஊர்களில் பத்து பேர் துணைக்கு வந்து வராந்தாவில் பாய் விரிப்பார்கள், தேவைப்படும் கதவுக்குள் ஒருவரும் இருக்கமாட்டார்.

இன்னொன்று பட்டினி. அறுவைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்பது பழைய விதி. இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீராகாரம் குடிக்கலாம், திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி போதும் என்று மயக்கவியல் சங்கங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகின்றன. ஆனால் பட்டியலில் கடைசிப் பெயராக இருப்பவர் பிற்பகல் மூன்று மணிக்கும் உதடு வறண்டு காத்திருப்பதே வழக்கம். முன்கூட்டியே நேரம் குறித்துச் சொன்னால் தீரும் துன்பம் இது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்குதல், கம்பளி, பேச்சு மொழியில் ஒரு விளக்கம் ஆகியவற்றுக்கும் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

இந்த நிலைப்பாட்டின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆறுதல், துணை, சன்னல் என்று பேசுவது மருந்து தராததற்குச் சாக்காகிவிடலாம். வறிய மருத்துவமனைகளில் அது நிகழ்வது எளிது.

தீராதிருப்பவை

வலியைத் தணித்தால் நோய் மறையும் என்ற அச்சம் சான்றால் தளர்ந்துவிட்டது. எண் மட்டும் எழுதுவது போதாது என்பதும் ஓரளவு நிறுவப்பட்டுவிட்டது. மார்ஃபினை முறையாகக் கொடுத்தால் சமூகம் போதையில் விழாது என்பதற்குக் கேரளம் சான்று, முறையின்றிக் கொடுத்தால் விழும் என்பதற்கு அமெரிக்கா சான்று. இவற்றுக்கு இடையிலான கோடு எங்கே என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

யார் கொடுப்பது என்பது அதில் முதன்மையானது. உகாண்டா 2004இல் சட்டம் திருத்தி, ஆதரவுச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற செவிலியரே மார்ஃபின் எழுதிக் கொடுக்க வழிசெய்தது. மருத்துவர் எண்ணிக்கை குறைந்த நாட்டில் அது வேலை செய்தது. இந்தியாவில் செவிலியர் அந்த உரிமை பெறவில்லை. மருத்துவர் முன்கூட்டியே எழுதிய வரம்புக்குள் அடுத்த அளவைத் தாமே முடிவு செய்யும் அதிகாரத்தை இரவுச் செவிலியருக்குத் தரலாமா, தந்தால் எத்தனை படுக்கைக்கு ஒருவர் இருந்தால் அது பாதுகாப்பானது என்பதற்கு நம் மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளிலிருந்து போதுமான விடை வர வேண்டியிருக்கிறது. வலியைக் கேட்டறியும் கேள்விகள் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் வார்டில் சோதிக்கப்பட வேண்டும். சோளகர் போன்ற மலைமக்களிடம் சிக்கிள் வலியின் போக்கு, மேலைநாட்டு அளவுகள் அவர்களுக்குப் பொருந்துமா என்பவற்றைக் கண்டறியும் ஆய்வுகளும் தேவை. மணிப்படி மருந்து எழுதினால் முதல் இரவுத் தூக்கம் எவ்வளவு கூடுகிறது என்பதை எந்தத் தாலுகா மருத்துவமனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே அறிந்துவிடலாம். இந்தப் பட்டியலில் உடனே தொடங்கக்கூடியது அதுதான்.